துவாரகா: 15க்கும் 50க்கும் நடுவில் ஒரு புல்லட்

துவாரகாவின் கூட்டுறவுக் குடியிருப்புகளில் காவலாளிகூடக் கண்டுகொள்ளாத மூலை ஒன்று இருக்கும். பின்பக்க மதில், ஜெனரேட்டர் அறை, அதையொட்டி தார்ப்பாய் போர்த்திய இரண்டு மூன்று உருவங்கள். குளிர்காலத்தில் தூசி, மார்ச்சில் வேப்பஞ்சருகு, ஜூலையில் மழைநீர் என்று பருவத்துக்கு ஒன்றாக அவற்றின்மேல் படியும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு யாராவது ஒருவர் வந்து ஒரு தார்ப்பாயை விலக்குவார். உள்ளே மாருதி 800 இருக்கலாம், பஜாஜ் சேத்தக் இருக்கலாம். பெரும்பாலும் அந்த நேரத்தில் கண்ணாடி ஜன்னல்கள் அதிரும் சத்தத்தில் உயிர் பெறுவது திருவொற்றியூரில் பிறந்த ஒரு புல்லட்.

ஐந்து நிமிடம் ஓடும். அம்மீட்டரின் முள் அசைவதைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார்கள். சாலைக்குக் கொண்டுபோவது வேறு விஷயம். தலைநகரில் 15 வயதைக் கடந்த பெட்ரோல் வண்டி சாலையில் போவது குற்றம். பொது இடத்தில் நிறுத்திவைத்தாலும் தூக்கிக்கொண்டு போகலாம். எனவே மெட்ரோ ரயில் தலைக்கு மேல் பறக்கும் இந்த நவீன உபநகரில், பழைய யந்திரங்கள் சுவருக்குள் அடைபட்டு வாழ்கின்றன.

துவாரகாவுக்கு வயதே அதிகமில்லை. பப்பன்கலான் என்ற பெயரில் தில்லி வளர்ச்சி ஆணையம் திட்டமிட்ட சுமார் 5,600 ஹெக்டேர் நிலம் இது. பாலம், பர்த்தல், அம்பர்ஹை போன்ற கிராமங்களைச் சுற்றி செக்டர் செக்டராக எழும்பியது. வங்கி ஊழியர்கள், மத்திய அரசு அதிகாரிகள், விமானத் துறையினர், ஓய்வு பெற்ற ராணுவத்தினர் என்று ஆளுக்கொரு சங்கம் அமைத்து அடுக்குமாடிகளைக் கட்டிக்கொண்டார்கள். 2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோவின் நீலத் தடம் இங்கே வந்து சேர்ந்தது. அதுவரை ‘தில்லிக்குப் போய் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் தூரத்தில் இருந்த இடம் அது. சொந்த வண்டி இல்லாமல் பால் பாக்கெட்கூட வாங்க முடியாத அந்த ஆரம்ப ஆண்டுகளில் குடிவந்தவர்களோடு வந்தவைதான் இன்று மூலையில் நிற்கும் வண்டிகள். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மாற்றலாகி வந்தவர்கள் சிலர் வண்டியையும் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

இந்த வண்டிகள் இன்னமும் ஓடுகின்றன என்பதற்கு ஒரே காரணம், அவற்றின் உறுப்புகளை மாற்ற முடிகிறது என்பதுதான். மாற்றிய உறுப்புகளே அவற்றை மாட்டிவிடவும் செய்கின்றன.

முதலில் மாற்றும் கலை. நீலத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமலே கரோல் பாக் போய்விடலாம். அங்குள்ள நாயிவாலா பகுதியின் சந்துகளில் மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய எல்லாம் தொங்குகின்றன: பெட்ரோல் டாங்க், சைலன்சர், ஹெட்லைட் கூடு, ஆரக் கம்பிகள். ராஜோரி கார்டனில் இறங்கி இளஞ்சிவப்புத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம் மாயாபுரி. ஆசியாவின் மிகப் பெரிய பழைய இரும்புச் சந்தைகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய இடம். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை என்று சொன்னால் புரியும். புதுப்பேட்டையைப் பல மடங்கு பெருக்கி, லாரி அச்சுகளையும் தொழிற்சாலை யந்திரங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துவாரகாவிலிருந்து புறப்படும் பையில் ஒரு கார்புரேட்டர் போகும். திரும்பும்போது அதே பையில் இன்னொரு கார்புரேட்டர் வரும். எக்ஸ்ரே திரையைப் பார்க்கும் காவலர் ஒரு கணம் தயங்கி, பிறகு விட்டுவிடுவார்.

மாயாபுரியை நாட்டுக்கே அறிமுகப்படுத்தியது வேறொரு சம்பவம். 2010ல் தில்லிப் பல்கலைக்கழகம் தன் வேதியியல் துறையில் பல்லாண்டாகப் பயன்படாமல் கிடந்த ஒரு காமா கதிர்வீச்சுக் கருவியை ஏலத்தில் விட்டது. 1968ல் வாங்கப்பட்ட கருவி அது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. காயலான் கடைத் தொழிலாளர்கள் வழக்கம்போல அதைப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார். பலர் கதிர்வீச்சுப் பாதிப்புடன் மருத்துவமனையில் கிடந்தார்கள். எதையும் பிரித்து எதையும் விற்கும் சந்தைக்கு, எதைப் பிரிக்கிறோம் என்று சொல்ல ஆள் இல்லை. பிறகு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் பார்வை இந்தச் சந்தை மீது விழுந்தது. 2019 ஏப்ரலில் கடைகளுக்கு சீல் வைக்க வந்த அதிகாரிகளுக்கும் வியாபாரிகளுக்கும் மோதலே நடந்தது. சந்தை அடங்கவில்லை, அளவுதான் மாறியது.

அங்கிருந்தும் கரோல் பாக்கிலிருந்தும் வரும் உறுப்புகள் எல்லா வண்டிக்கும் பொருந்திவிடாது. புல்லட்டுக்குப் பொருந்துகிறது என்றால் அதற்குச் சரித்திரம் உண்டு. பிரிட்டனின் ரெட்டிட்ச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ராணுவம்தான் முக்கிய வாடிக்கையாளர். 346 சி.சி., 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். இந்த அளவு அரை நூற்றாண்டு மாறவில்லை. ரெட்டிட்ச் தொழிற்சாலை 1967ல் மூடப்பட்டது. தாய் நிறுவனம் 1970ல் மறைந்தது. திருவொற்றியூர் தன்பாட்டுக்கு அதே வார்ப்பிரும்பு எஞ்சினை வார்த்துக்கொண்டே இருந்தது. புதிய மாடல் கொண்டுவரப் பணம் இல்லாததை மக்கள் பாரம்பரியம் என்று எடுத்துக்கொண்டார்கள். விளைவு, 1962 வண்டியின் பிஸ்டன் தேய்ந்தால் 1992 வண்டிக்குச் செய்த பிஸ்டன் போதும். இன்று பிரிட்டனில் மிஞ்சியிருக்கும் ரெட்டிட்ச் புல்லட்டுகளும் இந்திய உறுப்புகளை வாங்கித்தான் ஓடுகின்றன.

உலகில் இந்த மாதிரிப் பிடிவாதம் வேறு சில பொருள்களுக்கும் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 1932ல் தொடங்கிய பென் நிறுவனத்தின் தூண்டில் ரீல்கள் அப்படிப்பட்டவை. பல்லாண்டுகள் வடிவம் மாறாததால், தாத்தாவின் ரீலுக்குள் புதிய எஃகுப் பல்சக்கரத்தையும் அலுமினியச் சுருளையும் நீளக் கைப்பிடியையும் மாட்டிப் பேரன் கடல் மீன் பிடிக்கிறான். அதற்கென்றே அங்கு ஒரு கூட்டம் உண்டு. ஆனால் தூண்டில் ரீலுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. எந்த உறுப்பு அசல், எது மாற்று என்று எந்த அதிகாரியும் கேட்க மாட்டார். புல்லட்டுக்குக் கேட்பார்.

துவாரகாவின் மூலைப் புல்லட்டைத் திறந்து பார்த்தால் தமிழ்நாட்டின் தொழில் வரைபடமே கிடைக்கும். பிஸ்டன் சென்னை செம்பியத்தின் இந்தியா பிஸ்டன்ஸ். மின்சாரச் சாமான் பாடியின் லூகாஸ் டிவிஎஸ். செயின் கோயம்புத்தூர். டயர் எம்.ஆர்.எஃப். பிரிட்டிஷ் ஆமல் வகைக் கார்புரேட்டர் போன இடத்தில் யூகாலின் மிக்கார்ப். இதையெல்லாம் முறையாகப் பொருத்தத் தெரிந்தவர் பெரும்பாலும் பஞ்சாபியாகவோ மேற்கு உத்தரப் பிரதேசத்துக்காரராகவோ இருப்பார். வாடிக்கையாளர் அவரை ‘உஸ்தாத்ஜி’ என்பார், அவர் வாடிக்கையாளரை ‘பாவுஜி’ என்பார். பழைய பிரிட்டிஷ் மரையும் மெட்ரிக் மரையும் கலந்து கிடக்கும் இந்த வண்டியில் எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்பதை உஸ்தாத்ஜியின் விரல்கள்தான் அறியும்.

மாற்றுவதில் படிகள் உண்டு. சிலிண்டர் தேய்ந்தால் ‘போர்’ போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன்: ஆயிரத்தில் 20 அங்குலம், பிறகு 40, அதையும் தாண்டினால் புதிய ஸ்லீவ். இது வெறும் பழுதுபார்ப்பு. அடுத்தது முன்னேற்றம். 6 வோல்ட் விளக்கு மெழுகுவத்தியைவிடச் சற்றே மேல் என்பதால் 12 வோல்ட்டுக்கு மாற்றுவார்கள். காலையில் உதைத்து உதைத்துக் கால் வீங்காமலிருக்க, கான்டாக்ட் பாயின்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பார்கள். பழைய எஞ்சினின் கனெக்டிங் ராடின் அடிமுனையில் மிதக்கும் உலோக புஷ் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டினால் முதலில் சாவது அதுதான். அதற்குப் பதில் ரோலர் பேரிங் உள்ள ராட் போடுவது புல்லட் பிரியர்கள் எல்லோரும் அறிந்த வைத்தியம். கியர் பாக்ஸ் எஞ்சினிலிருந்து தனியாக இருப்பதால் நான்கு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு ஐந்து கியர் பெட்டியை வைக்கலாம். வலது காலில் இருந்த கியர் அத்துடன் இடது காலுக்கு வரும். தாத்தாவும் பேரனும் ஒரே வண்டியை ஓட்டும் வீடுகளில் இதனால் ஒருவர் பிரேக்குக்குப் பதில் கியரை மிதிக்கிறார்.

தைரியசாலிகள் இன்னும் தூரம் போவார்கள். 500 சி.சி. மாடலின் சிலிண்டரைக் கொண்டுவருவார்கள். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடுவார்கள். ஹரியானா, பஞ்சாப் பக்கம் எஞ்சினையே தூக்கி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்து லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. என்ஃபீல்டே ஒருகாலத்தில் டாரஸ் என்ற பெயரில் 325 சி.சி. டீசல் பைக் விற்றது. அதை வேகமான வண்டி என்று எவரும் குற்றம் சாட்ட முடியாது.

இத்தனை மாறினாலும் இரண்டு இடத்தில் மட்டும் எவரும் கைவைப்பதில்லை. ஒன்று ஃபிரேமின் தலைப்பகுதி. அங்கே சாசிஸ் எண் பொறித்திருக்கிறது. மற்றொன்று கிராங்க் கேஸ். இரண்டு பாதிகளாக வரும் அதில் ஒரு பாதியின் மேல் எஞ்சின் எண். இரு பாதிகளும் ஒன்றாகக் கடையப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் பொருந்தாது. செயின் அறுந்து கிராங்க் கேஸ் விரிசல் விட்டால், மாயாபுரியில் முழுசாக ஒன்று கிடைத்தாலும் உஸ்தாத்ஜி வாங்கச் சொல்ல மாட்டார். அலுமினிய வெல்டிங் வைத்து எண்ணுள்ள அந்தப் பழைய பாதியையே காப்பாற்றுவார். சட்டத்தின் கண்ணில் புல்லட் என்பது அந்த இரண்டு துண்டு உலோகம்தான். மற்றதெல்லாம் உதிரிபாகம்.

சட்டம் எந்த வண்டியை எப்போது சாகச் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள துவாரகாவாசிகள் வக்கீல்களாகவே மாறிவிட்டார்கள். 2014 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 15 ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் தில்லிச் சாலைகளில் ஓடக்கூடாது என்றது. 2015 ஏப்ரலில் டீசலுக்கு 10 ஆண்டு என்று கெடு வைத்தது. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செய்தது. இதர மாநிலங்களில் 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைக் காட்டி ஆர்.சி.யை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். தேசியத் தலைநகர வட்டாரத்தில் அந்தக் கதவு மூடிக்கிடக்கிறது.

2025 ஜூலை 1 அன்று விஷயம் பெட்ரோல் பங்குக்கே வந்தது. காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தின் உத்தரவுப்படி, நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்கள் வயதான வண்டியைக் கண்டதும் குரல் கொடுக்கும். பெட்ரோல் கிடையாது, வண்டி பறிமுதல், இருசக்கர வாகனத்துக்கு அபராதம் ரூ.5,000, காருக்கு ரூ.10,000. தில்லியில் அத்தகைய வண்டிகள் சுமார் 62 லட்சம் என்றும் அவற்றில் 41 லட்சம் இருசக்கர வாகனங்கள் என்றும் கணக்குச் சொல்லப்பட்டது. இரண்டு நாளில் எழுந்த எதிர்ப்பில் தில்லி அரசே பின்வாங்கியது. தடை நவம்பருக்குத் தள்ளிப்போடப்பட்டது. ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. துவாரகாவில் பல தார்ப்பாய்கள் அந்த வாரம் விலகின. டிசம்பரில் நீதிமன்றம் அந்தச் சலுகையைத் திருத்தியது: பி.எஸ்.4 தரமும் அதற்குப் பிந்தையதும் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே பாதுகாப்பு.

கார்க்காரர்களுக்கு இதில் லாபம் உண்டு. தில்லியில் கார்கள் 2010லேயே பி.எஸ்.4க்கு வந்துவிட்டன. இருசக்கர வண்டிக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் பி.எஸ்.4 வந்தது 2016ல் புதிய மாடல்களுக்கு. எல்லா வண்டிகளுக்கும் 2017ல். அவை 15 வயதைத் தொடவே 2031 ஆகும். ஆக, இன்று வயது கடந்து நிற்கும் பெட்ரோல் பைக் ஒன்றுக்குக்கூட இந்தப் பாதுகாப்பு இல்லை. கார்புரேட்டர் வைத்த வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு அறவே இல்லை.

சட்டத்தை வில்லனாக்குவது எளிது. ஆனால் செக்டர் 8ல் உள்ள காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையத்தின் எண்கள் நவம்பரில் 400ஐத் தாண்டும்போது, பத்தாவது மாடியிலிருந்து எதிர்க் கட்டடமே தெரியாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி மூடி வீட்டிலிருப்பார்கள். மாசுக் கட்டுப்பாட்டு விதிகளே 1991ல்தான் இந்தியாவுக்கு வந்தன. அதற்கு முந்தைய எஞ்சின்களுக்கு எந்த வரையறையும் கிடையாது. மூலைப் புல்லட்டின் புகை நல்ல புகை என்று அதன் சொந்தக்காரரும் வாதாட மாட்டார். அவருடைய கேள்வி வேறு. மாதத்தில் நாற்பது கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் தினமும் நூற்றைம்பது ஓடும் வண்டிக்கும் பிறந்த தேதியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமா? பி.எஸ். எண்ணைப் பார்ப்பது பிறந்த தேதியைப் பார்ப்பதைவிடச் சற்று மேலான அளவுகோல். அதுவும் ஓடும் தூரத்தை அளப்பதில்லை.

தப்பிக்க ஒரு வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். ரூ.20,000 கட்டினால் ‘விஏ’ எழுத்துகளுடன் தனி நம்பர் பிளேட் கிடைக்கும். பத்தாண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ரூ.5,000க்குப் புதுப்பிக்கலாம். தினசரி ஆபீசுக்குப் போக முடியாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பேரணி, அவற்றுக்காகப் பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் போகலாம். ஞாயிறு புல்லட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சாசிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. 1974ல் வாங்கிய ஒரு புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டுகள் அது ஓடியிருக்கிறது என்றால், மிதக்கும் புஷ் போய் ரோலர் பேரிங் வந்திருக்கும், கான்டாக்ட் பாயின்ட் போய் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்திருக்கும், கார்புரேட்டர் இரண்டு முறை மாறியிருக்கும். விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால், எதையும் மாற்றாமல் 1978லேயே ஷெட்டில் பூட்டி வைத்தவருக்குத்தான் பதிவு. வண்டியை ஓட்டிக் காப்பாற்றியவர், காப்பாற்றிய காரணத்துக்காகவே வெளியே நிற்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் அதே பாட்டைப் பாடுகிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் அதை அழுத்திச் சொன்னது.

அதனால் நாயிவாலாவில் ஒரு விநோத மாற்றம். பத்தாண்டுக்கு முன்பு ஐந்து கியர் பெட்டி கேட்டவர்கள் இப்போது வலதுபக்கக் கியர் உள்ள நான்கு கியர் பெட்டியைத் தேடுகிறார்கள். தூக்கி எறிந்த கான்டாக்ட் பாயின்ட் தட்டுக்கு மவுசு. நியூட்ரலைக் கண்டுபிடிக்கக் குதிகாலால் தட்டும் அந்தச் சின்ன நெம்புகோல், பழைய மில்லர் விளக்குக் கூடு, கழற்றிப்போட்ட ஆமல் கார்புரேட்டர் எல்லாம் மறுபடி விலை பேசப்படுகின்றன. முன்னேற்றியதை எல்லாம் பின்னேற்றும் வேலை. அந்தப் பழைய உறுப்புகள் எங்கிருந்து வரும்? 15 வயது விதியால் உடைக்கப்பட்ட மற்ற புல்லட்டுகளிலிருந்துதான். அதுவும் குறைகிறது. 2021 செப்டம்பர் விதிகளின்படி வாகனத்தை உடைப்பது பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களின் வேலை. அங்கே நசுக்கப்படும் வண்டியின் ஆமல் கார்புரேட்டரைத் தனியாக எடுத்து வைக்கும் சிரத்தை யாருக்கு?

1993 மாடல் வைத்திருப்பவர் நிலைதான் நடுத்தெருவில். 15 வயது 2008லேயே முடிந்தது. 50 வயது 2043ல் வரும். நடுவில் உள்ள 35 ஆண்டுகளுக்கு அவர் வண்டி தில்லியில் வண்டியே இல்லை. மூன்று வழி அவர் முன்னால். உடைப்பு நிலையத்தில் இரும்பு விலைக்குக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். தார்ப்பாய்க்குள்ளேயே வைத்து 2043க்குக் காத்திருக்கலாம்; அப்போது கிக்கரை உதைக்கப் பேரன் வேண்டும். அல்லது போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, தலைநகர வட்டாரத்துக்கு வெளியே கொண்டுபோய் மறுபதிவு செய்யலாம்.

தமிழர்கள் பலர் மூன்றாவதைத்தான் யோசிக்கிறார்கள். மேற்கு மாம்பலத்திலோ ஸ்ரீரங்கத்திலோ ஒரு தம்பி இருப்பார், மச்சினர் இருப்பார். அங்கே சாலை வரி, பசுமை வரி, வண்டிச் சோதனை எல்லாம் உண்டு. 20 வயதைக் கடந்த பைக்கின் புதுப்பிப்புக் கட்டணமும் 2025 ஆகஸ்டில் ரூ.2,000 ஆனது. சோதிக்கும் அதிகாரி முதலில் கேட்பது சாசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டின் பென்சில் பதிவு. தாளை வைத்துத் தேய்த்து எடுக்கும்போது வெல்டிங் வைத்துக் காப்பாற்றிய அந்தக் கிராங்க் கேஸ் பாதியின் அருமை தெரியும்.

ரயில்வே பார்சல் அலுவலகத்தின் நடைமுறை பழையதுதான். ஆர்.சி. நகல், அடையாள அட்டை, சாக்குத் துணி சுற்றிக் கட்டக் கூலி. டாங்க்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது. கட்டுபவர் கண்ணாடிகளையும் இண்டிகேட்டரையும் கழற்றித் தனிப் பொட்டலமாக்கித் தருவார். 2,100 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய் இறங்கியபின் அவற்றைத் திரும்ப மாட்ட வேண்டும்.